எல்லார் சட்டையிலும் சிவப்பு

ஐந்தாம் அத்தியாயம்

பற்றிக்கின் பழைய டட்சன் காரில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்காது. மீனாம்பிகை அக்கா இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்து, கைப்பையைத் தோளில் மாட்டும் வரை அவன் உள்ளேயே காத்திருப்பான். பிறகு அவளுடைய இருக்கை வழியாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வெளியே வருவான்.

"உந்தக் கதவைத் திருத்தினா என்னடா?"

"வேண்டாமக்கா. களவெடுத்திட்டு ஓட ஏலாது. அதாலதான் நான் இன்னும் நல்ல பிள்ளையாய் இருக்கிறன்."

மீனாம்பிகை அக்கா சிரிக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்கப் பகுதியில் வேலை பார்த்தவள் அவள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பெட்டிக்காரர் கைப்பிடியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாளாம். மொன்றியலுக்கு வந்த பிறகு அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் செயின்ட்-மிஷேல் பகுதியில் டெப்பனர் என்ற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே அவள் இருந்த இரண்டு அறைகளுக்குத் தமிழ்ச் சனம் படியேறி வந்தது வேறு காரியத்துக்கு. காணாமல் போனது, கலைந்து போனது, பொலிசுக்குச் சொல்ல முடியாதது எல்லாம் அங்கேதான் வரும்.

பற்றிக் மன்னார்க்காரன். கிழமை நாட்களில் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்குவான். மற்ற நாட்களில் அக்காவின் சாரதி, பை தூக்கி, வாய். வாய்தான் பிரதானம்.

இந்த வழக்கை அக்காவிடம் கொண்டுவந்தவனும் அவன்தான். காரணம், அவனுக்கு நித்திரை வரவில்லை.

மொன்றியலின் மேற்குக் கரையில் இல்-பிசார் என்ற அமைதியான தீவு. பெரிய வளவுகளோடு தனித்தனி வீடுகள். அங்கே தெலோர்ம் என்ற ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் கோடைக்காலத்தில் ஒரு படையே நடத்தினார். தபால்காரர், பல் வைத்தியர், பள்ளி ஆசிரியர் என்று ஊரிலுள்ள நல்ல மனிதர்களுக்குப் பழங்காலத்து வெள்ளைச் சட்டை மாட்டி, நீளத் துவக்கு கொடுத்து, சனிக்கிழமைகளில் வரிசையாகச் சுட வைப்பார். குண்டு கிடையாது. காகிதத் தோட்டாவுக்குள் வெடிமருந்து மட்டும். புகையும் சத்தமும் வரும், சனம் கைதட்டும், குழந்தைகள் அழும். எல்லாருக்கும் திருப்தி.

புல் வெட்ட, துவக்குத் துடைக்க, தோட்டாவுக்கு மருந்து நிரப்ப அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அவருடைய மரப்பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த பற்றிக், "எனக்குத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறான் மெஸ்யூ" என்றான். அந்த ஆள் யோகராசா. மட்டக்களப்பு.

போன சனிக்கிழமை, கொடி பிடித்து நின்ற லூக் என்ற இளைஞன் வெடிச்சத்தத்தோடு முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். அவன் கன்னத்திலிருந்து வைத்தியர் பொடிக் கற்களை எடுத்தார். இடது கண் பார்க்குமா என்பதை இன்னும் சொல்ல முடியாதாம். தோட்டாவை நிரப்பியது யார் என்று பொலிஸ் கேட்டது. "நான்தான்" என்றான் யோகராசா. உள்ளே என்ன போட்டாய் என்று கேட்டது. அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. இலங்கைத் தமிழன், வெடிமருந்து, பேச மறுக்கிறான். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்த அதிகாரிக்கு ஒரே விடைதான் வந்தது. வருகிற திங்கட்கிழமை குற்றம் சாட்டப் போகிறார்கள். அதற்கு அடுத்த கிழமை யோகராசாவின் அகதி விசாரணை. மட்டக்களப்பில் அவன் மனைவி யோகமலரும் பெண்குழந்தையும், இவன் கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குற்றவாளியாகப் போய் நிற்பவனை யார் நம்புவார்கள்?

"வேலை எடுத்துக் குடுத்தது நான்" என்று பற்றிக் இந்தக் கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தான். "புல்லு வெட்டப் போனவனைப் பயங்கரவாதியாக்கிப் போட்டன். உந்த விசரனும் ஊமைமாதிரி இருக்கிறான் அக்கா. வாய் என்ன வாடகைக்கோ விட்டிட்டான்?"

"உன்ர வாயில கொஞ்சம் அவனுக்குக் குடுத்திருக்கலாம்" என்றாள் அக்கா. "நட."

பேராசிரியர் தெலோர்ம் முற்றத்தில் நின்றார். உயரமான, மெலிந்த மனிதர். நித்திரையில்லாத கண்கள். ஆனால் துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கண்களில் விளக்குப் பற்றிக்கொண்டது. அக்காவின் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. அவர் நிறுத்தாமல் பேசினார்.

"குதிரையும் வாளும் பழக ஒரு பிரபுவுக்குப் பாதி ஆயுள் போகும் மதாம். துவக்கு வந்தது. ஒரு உழவனைப் பிடித்து ஒரு கோடைக்காலம் பழக்கினால் போதும், அந்தப் பிரபுவைக் குதிரையிலிருந்து விழுத்திவிடுவான். ஆனால் சுட்ட துவக்கைத் திரும்ப நிரப்ப நேரம் எடுக்குமே! அதற்குள் எதிரி வந்து கழுத்தில் கை வைத்துவிடுவான். ஒல்லாந்தர்தான் அதற்கு வழி கண்டார்கள். முன்வரிசை சுடும், சுட்டதும் பின்னால் போய் நிரப்பும், அடுத்த வரிசை முன்னால் வரும். துவக்கு நிரப்புவதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை வைத்தார்கள். காகிதத்தைக் கடி. மருந்தை ஊற்று. கோலால் இடி. யோசிக்க வேண்டியதில்லை. உலகத்தை மாற்றியது துவக்கு அல்ல மதாம், அந்தப் பயிற்சி!"

"ஒல்லாந்தரை எங்களுக்கும் தெரியும்" என்றாள் அக்கா. "எங்கள் ஊரிலும் கோட்டை கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள், கோட்டை போகவில்லை. உள்ளே இப்போதும் படைதான் இருக்கிறது."

பேராசிரியர் மரியாதையாகத் தலையாட்டினார்.

"தோட்டாவை யார் பங்கிடுவது?" என்று அக்கா கேட்டாள்.

"பங்கிடுவதே இல்லை. எல்லாம் ஒரே பெட்டி. கைவிட்டு அள்ளி இடுப்புப் பையில் போடுவார்கள். அதுதானே விஷயம்! பிரபுவுக்கு அவனுடைய வாள், அவனுடைய குலச்சின்னம். என் ஆட்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி. எந்தத் தோட்டா யாருக்குப் போகும் என்று கடவுளுக்கும் தெரியாது."

அக்கா பற்றிக்கின் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். "லூக் யோகராசாவை நக்கலடிக்கிறவன், அந்தக் கோபத்தில செய்தான் எண்டு பொலிஸ் சொல்லுது. சரி, கோபம் எண்டே வைப்பம். லூக் துவக்கே பிடிக்கிறேல்ல, கொடிதான் பிடிக்கிறான். அவனுக்கு முகத்தில அடிக்க வேணுமெண்டா, எந்தத் தோட்டா எந்தத் துவக்குக்குப் போகுது, அது எப்ப அவனுக்குக் கிட்ட வருது எண்டு தெரிய வேணும். ஒருத்தனுக்கு நஞ்சு வைக்கிறவன், கலியாண வீட்டு அண்டாவில போட்டிட்டு ஆர் சாப்பிடினம் எண்டு பாத்துக்கொண்டு நிப்பானோ?"

"எங்கட சொந்தக்காரர் சிலர் நிப்பினம்" என்றான் பற்றிக்.

"வாயை மூடு." அக்கா மறுபடி பேராசிரியரிடம் திரும்பினாள். "அன்றைக்குச் சத்தம் எப்படி இருந்தது?"

மனிதரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு வாடியது. "கோடை முழுவதும் என் துவக்குகள் தும்மிக்கொண்டுதான் இருந்தன. தடிமன் பிடித்த கிழவிகள் மாதிரி. அன்றைக்கு முழங்கின. எல்லாத் துவக்கும் ஒன்றாக. நான் கைதட்டினேன் மதாம். லூக் விழுந்து கிடக்கிறான், நான் அதைக் கவனிக்காமல் கைதட்டிக்கொண்டிருந்தேன். அழகாக இருக்கும் என்று அவனை அவ்வளவு முன்னால், அவ்வளவு கிட்ட நிறுத்தியதும் நான்தான்."

கேலி செய்யப் பற்றிக்கின் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்த மனிதரின் கையைப் பார்த்ததும் விட்டுவிட்டான். கைதட்டிய கைகள் இரண்டையும் அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

"அதற்கு முந்தைய சனிக்கிழமை யோகராசாவிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"சொன்னேன்." அவர் குரல் இறங்கியது. "இப்படித் தும்மினால் சனம் வராது, சனம் வராவிட்டால் எனக்கு உன்னை வைத்திருக்க வழியில்லை என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னேன்."

அக்கா மெதுவாக நடந்தாள். பற்றிக் பின்னால் போனான்.

"ஒருத்தனைக் காயப்படுத்த நினைக்கிறவன் ஒண்டு ரெண்டு தோட்டாவில கல்லைப் போடுவான்" என்றாள் அவள். "இஞ்ச எல்லாத் துவக்கும் முழங்கியிருக்கு. எல்லாத் தோட்டாவிலயும் என்னவோ இருந்திருக்கு. ஆளைக் கொல்லுறதுக்கு இல்லையடா, சத்தத்துக்கு. பாவம், வேலை போயிடும் எண்ட பயத்தில ஒருத்தன் சத்தத்தைக் கூட்டியிருக்கிறான். என்னத்தைப் போட்டுக் கூட்டினான்? அதுதான் எனக்கு விளங்கேல்ல."

பற்றிக்கை எதுவோ உறுத்தியது. என்னவென்று அவனுக்கே பிடிபடவில்லை.

வீட்டின் பின்பக்கம் மதாம் தெலோர்ம் ஒரு பெரிய தகரத் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். பக்கத்துக் கூடை நிறைய வெள்ளைச் சட்டைகள். தோய்க்கவில்லை.

"என்னால் தொட முடியவில்லை" என்றாள். "இரத்தம்."

"யாருடைய சட்டை இது?"

"எல்லாருடையதும்தான்."

"எல்லாச் சட்டையிலும் இரத்தமா?"

"எல்லாவற்றிலும். கையோரத்தில் பாருங்கள்."

அக்கா ஒரு சட்டையை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கூடையை அடிவரை கிளறினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சுங்கத்தில் பெட்டியின் பொய் அடித்தளம் கையில் தட்டுப்படும்போது இப்படித்தான் இருந்திருப்பாள்.

"பற்றிக், காயம் எத்தினை பேருக்கு?"

"ஒராளுக்கு."

"இரத்தக்கறை?"

"எல்லாருக்கும். துன்பத்தில பங்கெடுக்கிற நல்ல மனுசர் அக்கா."

"பகிடியை விட்டிட்டுப் பார். ஒரு கிழமை பழசான இரத்தம் இந்த நிறத்திலயா இருக்கும்? தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்திருக்க வேணும். இது அப்பிடியே சிவப்பாய் இருக்கு."

அவள் சட்டைக் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அலசினாள். தண்ணீர் கலங்கியது. கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்தது. தொட்டியின் அடியில் சிவப்பாக ஒரு படிவு தங்கியது. இரத்தம் தண்ணீரில் கரையும், இப்படி அடியில் போய்க் குந்தாது. அக்கா விரலால் ஒரு சிட்டிகை அள்ளி, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். நறநறத்தது. தோட்டாவைக் கடித்து ஊற்றிய எல்லார் கையோரத்திலும் கொட்டியது இதுதான்.

"மதாம், இங்கே செங்கல் இருக்கிறதா?"

"பழைய புகைபோக்கியை இடித்தோம். கொட்டிலுக்குப் பின்னால் குவித்திருக்கிறோம். ஏன்?"

தன்னை உறுத்தியது என்னவென்று பற்றிக் இப்போது கண்டுகொண்டான்.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லி, அக்கா பதில் சொல்வதற்கு முன்பே ஓட்டமும் நடையுமாகப் போனான்.

கொட்டிலுக்குப் பின்னால் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு தட்டைக் கல். அதன்மேல் இடிபட்ட செங்கல். பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு, மாச்சல்லடை ஒன்று. சல்லடையில் தங்கிய பெரிய துண்டுகள். யோகராசாதான் எவ்வளவு கவனமாக இடித்திருக்கிறான்! எவ்வளவு நம்பிச் செய்திருக்கிறான்! பற்றிக் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருவரும் இல்லை. செங்கல் தூளைக் காலால் எத்திப் புல்லுக்குள் தள்ளினான். சல்லடையைக் குவியலுக்கு அடியில் செருகினான். தான் செய்வது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே செய்தான். அதுதான் பிறகு அவனை அதிகம் சுட்டது.

"ஒண்டும் இல்லையக்கா" என்றான் திரும்பி வந்து. "உடைஞ்ச செங்கல்தான் குவிஞ்சு கிடக்கு."

அக்கா அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். "சரி, போவம்" என்றாள்.

கார் தீவின் ஒழுங்கைகளைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் யாரோ சிறுவள்ளம் வலித்துக்கொண்டு போனார்கள். மறுகரையில் இறங்கி, பெருந்தெருவைப் பிடித்து, நகரத்தின் புகை தெரியும் தூரத்துக்கு வந்தது. மழை வருமா என்று கேட்பது போல அக்கா கேட்டாள்:

"பாலத்தில ஏறினதில இருந்து நீ ஒரு பகிடியும் விடேல்ல. என்னடா?"

"தலையிடி."

"சப்பாத்திலயும் தலையிடியோ?"

பற்றிக் குனிந்து பார்த்தான். துறைமுகத்துக்குப் போடுகிற அவனுடைய கறுப்புச் சப்பாத்தின் நுனி, சிவப்பாக இருந்தது.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"நான்தான் அக்கா."

"என்ன நீ?"

"செங்கல் தூள். நான்தான் சொல்லிக் குடுத்தனான்." அடைத்திருந்தது உடைந்து, சொற்கள் கொட்டின. "அந்தச் சனிக்கிழமைக்கு முதல் கிழமை யோகராசாவுக்கு மீன்குழம்பு கொண்டுபோனன். பேராசிரியர் ஏசிப்போட்டுப் போயிட்டார், இவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறான். நான் சும்மா பெருமையடிச்சன். எங்கட கோயில் கொடியேத்தத்துக்கு இரும்புக் குழாய்க்குள்ள மருந்தைப் போட்டு, மேல செங்கல் தூளைப் போட்டு நல்லா இடிச்சு இறுக்குவம், வெடிச்சா கடலுக்கு அங்கால கேக்கும், நீ என்ன வெறும் மருந்தைப் போட்டுத் தும்ம வைக்கிறாய் எண்டன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சன். அவ்வளவுதான். அவன் செய்வான் எண்டு நான் நினைக்கேல்ல."

அக்கா கண்ணை மூடினாள். "குழாயை நிலத்தில நிறுத்தி வைப்பியள்."

"ஓம். வாய் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். தூள் மேல போய்க் காத்தோட போயிடும். துவக்கை முகத்துக்கு நேர பிடிப்பினம் எண்டு அந்த நேரம் எனக்கு ஓடேல்ல அக்கா. அந்தப் பொடியன்ர கண்ணுக்கு என்ர வாய்தான் காரணம்."

"இதைப் பொலிசில சொன்னா யோகராசா தப்புவான்."

"தெரியும்."

"சொல்லாட்டி, ஆர் பழக்கினது எண்டு அவையே ஒரு பதில் எழுதுவினம். ஆயுத இயக்கம் பழக்கினது எண்டுதான் எழுதுவினம்."

"அதுவும் தெரியும் அக்கா." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "ஆனா நான் சத்தியம் பண்ணியிருக்கிறன்."

அது இருவருக்கும் தெரிந்த கதை. மன்னாரில் இராணுவம் கோயில் களஞ்சியத்தைச் சோதித்தது. திருவிழாவுக்கு வைத்திருந்த வெடிமருந்து அகப்பட்டது. பற்றிக்கைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் கனடாவில் அகதி விசாரணையின்போது, வேதப் புத்தகத்தில் கை வைத்து அவன் சொன்னது வேறு. வாழ்க்கையில் ஒரு நாளும் வெடிமருந்தைக் கையால் தொட்டதில்லை, ஆமி வீணாகப் பிடித்தது என்று சொன்னான். முடிவு இன்னும் வரவில்லை. இன்றைக்குப் பொலிசில் போய், "கோயிலில் வெடி இடித்தவன் நான்" என்றால் அந்தச் சத்தியம் பொய். ஒன்று பொய்யென்றால் முதுகுத் தழும்பும் பொய்தான்.

அப்படிச் சொல்லும்படி அவனுக்கு அன்று யார் சொல்லிக் கொடுத்தது என்பதை இருவரும் பேசவில்லை. விசாரணை அறைக்கு வெளியே, "வெடிமருந்து எண்ட சொல்லையே எடுக்காதை தம்பி, கேட்டா தொட்டதில்லை எண்டு சொல்லு" என்று காதோடு சொன்ன மொழிபெயர்ப்பாளர் இப்போது அவனுக்குப் பக்கத்து இருக்கையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல யோகராசாவைப் பாப்பம்" என்றாள் அவள் கடைசியில்.

யோகராசா செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தான். கதவைத் திறந்தவன் அவர்களைப் பார்த்ததும், எதுவுமே நடக்காதது போல, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். அதைப் பார்க்கப் பற்றிக்கால் முடியவில்லை.

"அடுப்பை நிப்பாட்டு. செங்கலைக் கண்டுபிடிச்சாச்சு."

யோகராசாவின் கை கேத்தலிலேயே நின்றது.

"ஏன்டா வாயைத் திறக்கேல்ல? ஒரு சொல்லு சொல்லியிருந்தா போதுமே! தெரியாமல் நடந்தது, சத்தத்துக்குப் போட்டது எண்டு. ஒரு கிழமையாய் நான் உன்னை ஊமை, விசரன் எண்டு பேசிக்கொண்டு திரியிறன்."

"போட்டது நான்தானே மச்சான்."

"சொல்லிக் குடுத்தது நானல்லோ!"

"அதாலதான்." யோகராசா திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "என்ன போட்டனான் எண்டு சொன்னா பொலிசின்ட அடுத்த கேள்வி அதுதான். உனக்கு இதை ஆர் பழக்கினது எண்டு. எங்கட பக்கம் கோயில்ல சீனவெடிக் கட்டுத்தான் கொளுத்துற. குழாய் வெடி நான் கண்டதுமில்ல. என்னெண்டு சொல்லுற? எனக்குப் பொய் ஒழுங்கா வராது மச்சான். வாயைத் திறந்தா உன்ட பேர் வந்திரும். நீ சத்தியம் பண்ணின கதையைக் குடிச்சிட்டு அழுதழுது எனக்குச் சொன்னாய்தானே. பிறகு எப்படி வாயைத் திறக்கிற?"

பற்றிக் கட்டிலில் இருந்துவிட்டான். யோகராசாவைக் காப்பாற்றப் புறப்பட்டவன் அவன். ஒரு கிழமையாக யோகராசா காப்பாற்றிக்கொண்டிருந்தது அவனை.

"அந்தப் பொடியன்ட கண் போச்செண்டா ஆராவது ஒருத்தன் பொறுப்பு நிக்கத்தானே வேணும்" என்றான் யோகராசா. "என்ட கையாலதான் நடந்தது. நான் நிண்டிட்டுப் போறன்."

"யோகமலருக்கு என்ன சொல்லுவாய்?" என்று அக்கா கேட்டாள்.

யோகராசா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். தோள்கள் குலுங்கின. கேத்தல் விசிலடித்தது, ஒருவரும் எழுந்து போய் நிறுத்தவில்லை.

பற்றிக்தான் கடைசியில் எழுந்து நிறுத்தினான். "வாங்கோ அக்கா" என்றான். "எழும்பின கையோட போயிடுவம். இருந்தனெண்டா எனக்குப் பயம் வந்திடும்."

வழி முழுவதும் அவனுக்குப் பயம் வந்துகொண்டேதான் இருந்தது. பொலிஸ் நிலையத்தின் வாசலில் அக்கா நின்றாள்.

"பற்றிக், ஒண்டு சொல்லுறன். உள்ளுக்கு நான் மொழிபெயர்க்கிறவள் மட்டும்தான். நீ சொல்லுறதில ஒரு சொல்லுக் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இந்த முறை அப்பிடித்தான்."

"எனக்கு இப்ப தேவையானதும் அதுதான் அக்கா."

விசாரணை அதிகாரி நரைத்த மீசைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. அக்கா தொட்டியடியில் அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த சிவப்புப் படிவை மேசையில் வைத்தாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பெட்டியைப் பற்றி, சத்தத்தைப் பற்றி, சட்டைகளைப் பற்றி அக்கா சொன்னதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு பற்றிக்கின் பக்கம் திரும்பினார்.

"வெடிமருந்தைக் கையாண்டு உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதா?"

அக்கா தமிழில் கேட்டாள்.

ஏதாவது ஒரு பகிடி வரும் என்று பற்றிக் காத்திருந்தான். வரவில்லை.

"ஓம்" என்றான். "சின்ன வயசில இருந்து. கோயில் திருவிழாவுக்கு."

அக்கா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அவன் குழாயைப் பற்றிச் சொன்னான், அக்கா சொன்னாள். கல்லில் செங்கலை இடிப்பது, சலிப்பது, இறுக்குவது, மீன்குழம்பு கொண்டுபோன நாளில் தான் அடித்த பெருமை, எல்லாவற்றையும் அவன் சொன்னான். இன்று காலை காலால் எத்தி மறைத்ததையும் சேர்த்துச் சொன்னான். அக்கா ஒன்றையும் விடவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் யோகராசா செய்தது ஒரு விபத்து. அவர்மேல் நாங்கள் நினைத்திருந்த குற்றச்சாட்டு நிற்காது." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்களும் அகதி விண்ணப்பக்காரர்தானே? வெடிமருந்தைப் பற்றி உங்கள் விசாரணையில் சொன்னீர்களா?"

"இல்லை. தொட்டதேயில்லை எண்டு சத்தியம் பண்ணினனான்."

அக்கா சொன்னாள். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்றார் அதிகாரி.

அந்தக் கேள்வி தமிழில் வரவில்லை. பற்றிக் நிமிர்ந்து பார்த்தான். மீனாம்பிகை அக்கா கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதிகாரியை நேரே பார்த்துப் பிரெஞ்சில் பேசத் தொடங்கியிருந்தாள். துறைமுகத்தில் பொறுக்கிய பிரெஞ்சுதான் அவனுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு விளங்கியது: அப்படிச் சொல்லச் சொன்னது நான், மெஸ்யூ.

"அக்கா, வேண்டாம்..." என்றான்.

அவள் கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். அதிகாரி புதிய தாள் ஒன்றை எடுத்து, அவளுடைய பெயரைக் கேட்டார்.